மழை லீவில் ஆன்லைன் விவாத விளையாட்டு: விலங்குத் தலைப்புக்குச் சீட்டு குலுக்கலாமா?

தண்டையார்பேட்டை டீச்சர்
ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு விவாத விளையாட்டு தயார் செய்கிறேன். மழைக்கு லீவு விடும் நாளில் ஜூம்ல நடத்தணும். இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் கட் ஆகிவிடும், அதற்குள் முடியணும். பிள்ளைகள் 36 பேர்.

முதலில் எல்லாரும் கூகுள் ஃபார்மில் ஓட்டு, 3 நிமிஷம். அப்புறம் சீட்டு குலுக்கி ஆதரவுக்கு மூணு பேர், எதிர்ப்புக்கு மூணு பேர். அவர்கள் பிரேக்-அவுட் அறையில் (ஜூமுக்குள்ளேயே தனியாகப் பிரிக்கும் சிறு அறை) 8 நிமிஷம் தயாராகணும். பேச்சு ஆளுக்கு 2 நிமிஷம், மொத்தம் 12. குறுக்குக் கேள்வி தரப்புக்கு 4 நிமிஷம், மொத்தம் 8. மீதி 30 பேரும் நடுவர்கள். கடைசியில் மறுபடி ஓட்டு, 3 நிமிஷம். ஆக 34. அதிக ஓட்டைத் தன் பக்கம் இழுத்த தரப்பு ஜெயிக்கும்.

தலைப்பு: "உணவுக்காக விலங்குகளைக் கொல்வது தவறு." எங்கே இடிக்கும், சொல்லுங்க.

காசிமேட்டுக்காரன்
டீச்சர், தலைப்பே இடிக்குது. உங்க வகுப்புல பாதிப் பேர் வீட்டுல படகு, ஏலம், ஐஸ், கருவாடு, இல்லன்னா புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில ஆடு வெட்டுற வேலை. சீட்டுல "தவறு"ன்னு வந்த பையன் தன் அப்பா செய்யுற தொழிலைத் தப்புன்னு பேசணும். பள்ளிக்கூடத்துல பேசினா அது நாலு சுவத்துக்குள்ள. ஆன்லைன்ல அந்த அப்பாவே அதே அறையில உக்காந்திருப்பாரு, போன் ஸ்பீக்கர்ல இருக்கும்.

இன்னொண்ணு. இந்தத் தலைப்பு ரெண்டாவது நிமிஷத்துல மாட்டுக்கறிக்குப் போகும், மூணாவது நிமிஷத்துல சாதிக்குப் போகும். சாட்ல ஒருத்தன் ஒரு வரி போட்டா போதும். நீங்க அழிக்கிறதுக்குள்ள முப்பது பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பான்.

வியாசர்பாடி வாதி
தலைப்பு பற்றி அண்ணன் சொல்வதை ஒத்துக்கறேன். சீட்டு விஷயத்தில் மாட்டேன். போட்டி விவாதங்களில் தரப்பைக் குலுக்கிக் கொடுப்பதற்குக் காரணமே பிள்ளையைக் காப்பாற்றத்தான். தானே தரப்பு எடுத்தால் அவன் பேசியது அவன் கருத்து. வீட்டிலும் தெருவிலும் அதை வைத்தே கேட்பார்கள். சீட்டில் வந்தால், "எனக்கு வந்தது, பேசினேன்" என்று சொல்ல முடியும். விருப்பத்துக்கு விட்டால் இன்னொரு சிக்கல்: முப்பது பேர் ஒரு பக்கம் போவான், மறுபக்கம் யாருமே இருக்க மாட்டான்.

பெயரை மாற்றிவிடுங்கள். "ஆதரவு 14", "எதிர்ப்பு 22" என்று தரப்பும் ரோல் நம்பரும் மட்டும் திரையில் தெரியட்டும். பிறகு பங்கேற்பாளர் பெயர் மாற்றும் வசதியையும், பொதுச் சாட்டையும் மூடிவிடுங்கள். சாட் டீச்சருக்கு மட்டும் வரட்டும்.

காசிமேட்டுக்காரன்
குரல் தெரியாதா தம்பி? ஒன்பது வருஷம் ஒண்ணாப் படிச்சவனுக்கு ரோல் நம்பர் எதுக்கு? அதைவிட ஆபத்து அந்த பிரேக்-அவுட் அறை. டீச்சர் ஒரு அறைக்குள்ள இருந்தா இன்னொரு அறையில என்ன நடக்குதுன்னு தெரியாது. கிண்டல் நடக்குற இடம் அதுதான்.

கொடுங்கையூர் கணக்கு
ஓட்டுக் கணக்கில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது, யாரும் தொடவில்லை. பேசும் ஆறு பேரின் ஓட்டைச் சேர்க்கக் கூடாது. நடுவர் 30 பேர் மட்டும். உதாரணத்துக்கு, தொடக்கத்தில் ஆதரவு 16, எதிர்ப்பு 9, முடிவில்லை 5. முடிவில் 15, 13, 2. எதிர்ப்புக்கு 4 கூடியது, ஆதரவுக்கு 1 குறைந்தது, எதிர்ப்பு ஜெயித்தது என்பீர்கள். ஆனால் யார் மாறினார் என்பது இதில் தெரியாது. எதிர்ப்புக் கட்சி நண்பர்கள் மூணு பேர் முதலில் வேணும்னே "முடிவில்லை" அழுத்திவிட்டுக் கடைசியில் "எதிர்ப்பு" போட்டால் நாலில் மூணு அங்கேயே வந்துவிடும். ரெண்டாவது தடவை விளையாடும்போதே பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் ஓட்டு சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் முடியணும். எந்த நண்பன் எந்தப் பக்கம் என்று தெரியாதபோது ஏமாற்ற வழியில்லை. ரெண்டாவது ஓட்டில் "எந்த வாதம் என்னை மாற்றியது" என்று ஒரு வரி கட்டாயம். காரணம் இல்லாத மாற்றத்தை எண்ணாதீர்கள். கூகுள் ஷீட்டில் ரோல் நம்பரை வைத்து வி-லுக்கப் (ஒரே நம்பருக்கான பதிலைத் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டு ரெண்டு ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

ஃபார்மில் "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற கட்டுப்பாட்டைப் போடாதீர்கள். அதற்கு கூகுள் லாகின் வேணும். அண்ணன் தங்கச்சி ஒரே போனில் படிக்கிற வீட்டில் ரெண்டாவது ஆள் ஓட்டே போட முடியாது.

தண்டையார்பேட்டை டீச்சர்
ஓட்டு விஷயம் புரிந்தது. பிரேக்-அவுட்டுக்குப் பேசும் ஆறு பேர் மட்டும் ரெண்டு அறையாகப் போகட்டும், நடுவர்கள் மெயின் அறையில் தலைப்பு பற்றிய தகவல் அட்டைகளைப் படிக்கட்டும். அப்போது நான் அந்த ரெண்டு அறையையும் மாறி மாறிப் பார்க்க முடியும். தலைப்பை மாற்றினால் எதை வைப்பது?

காசிமேட்டுக்காரன்
கொல்லலாமான்னு கேக்காதீங்க, எப்படின்னு கேளுங்க. "உயிர் நண்டை அப்படியே கொதிக்கிற தண்ணியில போடக் கூடாது." இது யார் தொழிலையும் தப்புன்னு சொல்லல. பழவேற்காடு பக்கத்துலேர்ந்து வர்ற சேத்து நண்டு கொடுக்கு கட்டி உயிரோடதான் சந்தைக்கு வரும். செத்தா விலை போகாது. நூலை அவுத்தா விரலைக் கவ்விடும், அதனால கட்டோடயே சட்டியில போடுறவங்க உண்டு. பிள்ளைங்க எல்லாருக்கும் பாத்த விஷயம்.

மாத்து வழி என்னன்னா, உப்புத்தண்ணியில நிறைய ஐஸ் போட்டுக் குறைஞ்சது 20 நிமிஷம் வெச்சு, நண்டு மந்தமானதும் வெட்டுறது. நல்ல தண்ணி கூடாது, கடல் உயிருக்கு அதுவே தொல்லை. எதிர்ப்புத் தரப்புக்கும் பேச விஷயம் இருக்கு: ஐஸ் செலவு, கடைக்காரருக்கு நேரம், அசையாம கிடக்குறதும் வலி தெரியாம கிடக்குறதும் ஒண்ணான்னு கேள்வி.

வியாசர்பாடி வாதி
இது நல்ல தலைப்பு, சட்டமும் கைகொடுக்கும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் "விலங்கு" என்றால் மனிதர் தவிர்த்த எந்த உயிரும், நண்டும் அதில் அடக்கம். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு தருகிறது, ஆனால் "தேவையற்ற வலி" இருந்தால் அந்த விலக்கு கிடையாது. முழு விவாதமும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கும். அபராதம் முதல் தடவைக்கு 10 முதல் 50 ரூபாய் என்பதையும் அட்டையில் போடுங்கள். இந்தச் சட்டத்துக்குப் பல் இருக்கிறதா என்று குறுக்குக் கேள்வி தானாக வரும்.

வெளிநாட்டுத் தகவல் ரெண்டு போதும். சுவிட்சர்லாந்து 2018 முதல் சிங்கி இறாலை (லாப்ஸ்டர்) மயக்காமல் கொதிக்க வைப்பதைத் தடை செய்தது. பிரிட்டன் 2022 சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் வகைகளை உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்தது.

எதிர்ப்புக்கு வெறும் "எங்க தாத்தா காலத்திலிருந்து" மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள், தோற்றுவிடும். மீனுக்கு வலி உண்டா என்பதிலேயே அறிவியலாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். 2003இல் லின் ஸ்னெட்டன் குழு டிரவுட் மீனின் உதட்டில் அமிலம் செலுத்தியபோது அது உதட்டைச் சரளையில் தேய்த்தது. 2016இல் பிரையன் கீ, வலியை உணரத் தேவையான மூளைப் புறணி (மூளையின் மேல் அடுக்கு) மீனுக்கு இல்லை என்று எழுதினார். இந்த ரெண்டு அட்டையையும் ரெண்டு தரப்புக்குமே கொடுங்கள்.

பேசின்பிரிட்ஜ் வெட்
கால்நடை டாக்டராகச் சொல்கிறேன், தெருநாய் தலைப்பை விட்டுவிட்டீர்களே. "பிடித்த நாயை அதே தெருவில் திருப்பி விட வேண்டும்" என்று வையுங்கள். நம்ம பக்கம் அன்றாடப் பிரச்சினை. ஆனால் அட்டையில் தேதி இல்லாவிட்டால் விளையாட்டு கெடும். 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிப்படி கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, காதில் அடையாள வெட்டு போட்டு, பிடித்த இடத்திலேயே விடணும். 2025 ஆகஸ்ட் 11இல் டில்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 22இல் அதைத் திருத்தி, வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றதைத் திருப்பி விடச் சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பஸ், ரயில் நிலையங்களில் பிடித்ததை அங்கேயே திருப்பி விடக் கூடாது என்றது. கூகுளில் தேடும் பிள்ளைக்கு இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் மாட்டும்.

காசிமேட்டுக்காரன்
நாய் வேணாம் சார். கடி வாங்கின பிள்ளை வகுப்புல இருக்கும், அது நடுவரா உக்காந்து என்ன பண்ணும்?

பேசின்பிரிட்ஜ் வெட்
கடி வாங்கிய பிள்ளைக்கும் தெரிய வேண்டியது இதில் இருக்கிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் மூலம்தான். ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி ஊசிக்கு ஓடணும். பயத்தோடு பேசுவதைவிட இந்த எண்ணோடு பேசட்டும்.

தண்டையார்பேட்டை டீச்சர்
முதல் ஆட்டம் நண்டு, நாய் அடுத்து. சீட்டு உண்டு. பேச விருப்பமில்லாதவர் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினால் தரப்பு மாற்றித் தருகிறேன், காரணம் கேட்க மாட்டேன்.

வியாசர்பாடி வாதி
தரப்பு மாற்றாதீர்கள் டீச்சர், நடுவராக மாற்றுங்கள். தரப்பு மாறலாம் என்று தெரிந்தால் ஆறு பேரும் சுலபமான பக்கத்துக்கே வருவான். விலகியவர் இடத்துக்கு அடுத்த சீட்டு எடுங்கள்.

காசிமேட்டுக்காரன்
அதையும் முன்னாடியே முடிச்சிடுங்க. லீவு அறிவிப்பு பல நாள் காலையிலதான் வரும், அன்னிக்குப் பாதிப் பேர்கிட்ட போன்ல சார்ஜ் இருக்காது, கரண்டும் இருக்காது. முதல் ஓட்டை வகுப்புலயே தாள்ல, ரோல் நம்பரோட வாங்கி வெச்சுக்குங்க. சீட்டையும் அன்னிக்கே குலுக்குங்க. விலகுறவன் ராத்திரியோட சொல்லிடுவான். மிச்சமாகுற 3 நிமிஷத்தைக் குறுக்குக் கேள்விக்குக் கொடுங்க.