கானா நாட்டுப் பெயர்கள்: கோஃபி என்றாலே வெள்ளிக்கிழமைதானா?

தாள்முனை:
கானா சிறுகதைகள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவரும் வேலை நடக்கிறது. பெயர்களில் மூன்று சிக்கல். கோஃபி, குவாமே, அகோசுவா என்று அதே பெயர்கள் கதைக்குக் கதை வருகின்றன. பிறந்த கிழமையை வைத்து இடும் பெயர்கள் என்று தெரியும். எது எந்தக் கிழமை, அடிக்குறிப்பில் நம்பிப் போடலாமா? அடுத்தது, ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்குக் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கிறது. அச்சுப்பிழையா? மூன்றாவது, ஒரு பாட்டிக்கு 'சுமினா' என்று பெயர். தேடினால் குப்பைமேடு என்று வருகிறது. பட்டப்பெயரா, வசவா?

ஏட்டுச்சுருணை:
இவை அக்கான் மக்களின் பெயர்கள். அசாந்தே, ஃபாண்டே எல்லாம் அதற்குள் அடக்கம். கானாவில் வேறு இனத்தாரும் இருக்கிறார்கள், அதனால் 'கானா வழக்கம்' என்று மொத்தமாக எழுதிவிடாதீர்கள்.

ஆண், பெண் வரிசையில்: ஞாயிறு குவாசி, அகோசுவா. திங்கள் குவாஜோ, அஜோவா. செவ்வாய் குவாபெனா, அபெனா. புதன் குவாகு, அகுவா. வியாழன் யாவ், யா. வெள்ளி கோஃபி, அஃபுவா. சனி குவாமே, அமா. ஃபாண்டேக்காரர் கதையென்றால் குவாஜோ கோஜோ ஆகும், குவாபெனா கோபினா ஆகும், ஞாயிற்றுக்கிழமைப் பெண் எசி ஆகிவிடுவாள்.

கிழமைப் பெயரை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, பிறந்தவுடனே தானாக ஒட்டிக்கொள்ளும். எட்டாம் நாள் சடங்கில்தான் இன்னொரு பெயர் வரும். அன்று குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு மது. தண்ணீரென்றால் தண்ணீர், மதுவென்றால் மது என்று சொல்ல வேண்டும், பொய் கூடாது என்பது பொருள். குலம் தாய்வழியில் போனாலும் இந்தப் பெயரை இடும் உரிமை அப்பாவுக்கு. அவர் தன் பக்கத்து மூத்தவர்களில் யாரை மதிக்கிறாரோ அவர் பெயரை இடுவார். முதல் மகனுக்கு ஒருவர் பெயர், அடுத்தவனுக்கு வேறொருவர் பெயர். ஆகவே அச்சுப்பிழை இல்லை, கைவைக்காதீர்கள். பள்ளி, தேவாலயப் பதிவேடுகள் பரவிய பிறகுதான் ஒரே குடும்பப் பெயர் ஊன்றியது.

பிறப்பு வரிசையும் பெயராகும். மூன்றாவது மகன் மென்சா, நான்காவது பிள்ளை அன்னான், ஒன்பதாவது நிக்ரூமா, பத்தாவது பாடு. இரட்டையருக்கு அட்டா, அவர்களுக்கு அடுத்துப் பிறந்த பிள்ளைக்குத் தாவியா. ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அட்டா அன்னான் 8 ஏப்ரல் 1938 வெள்ளிக்கிழமை பிறந்தவர், இரட்டையாகக் கூடவே பிறந்த சகோதரி எஃபுவா அட்டா. 'கோஃபி', 'அட்டா' இரண்டும் அவருடையவை. 'அன்னான்' மட்டும் அப்பாவிடமிருந்து வந்தது, அதை வைத்து இவரை நான்காவது பிள்ளை என்று எழுதினால் தப்பு.

கடலோடி:
மேலே சொன்ன பட்டியல் சரி. ஆனால் கதாசிரியர் எல்லைக்கு அந்தப் பக்கம், கோத் திவாரை (ஐவரி கோஸ்ட்) சேர்ந்தவராக இருந்தால் கவிழ்த்துவிடும். அங்குள்ள பவுலே மக்களும் அக்கான் வழியினர்தான், பெயர்களும் பெரும்பாலும் அதே பெயர்கள்தான், கிழமை மட்டும் ஒரு நாள் தள்ளி நிற்கும். குவாசி அங்கே திங்கள், கோஃபி சனி, குவாமே ஞாயிறு. முதலில் கதை எந்த ஊரில் நடக்கிறது என்று பாருங்கள், அப்புறம் அடிக்குறிப்பு.

ஒழுங்காக இருக்கும் இடத்தில் இந்தப் பெயர்கள் பிறந்த தேதியையே சரிபார்த்துக் கொடுக்கும். கானா எழுத்தாளர் அமா அட்டா அய்டூ பிறந்தது மார்ச் 23 என்பதில் குழப்பமில்லை. ஆண்டுதான் சில இடங்களில் 1940, சில இடங்களில் 1942. 1942-இல் அந்த நாள் திங்கள், அப்படியானால் அவர் அஜோவாவாக இருந்திருப்பார். 1940-இல் சனிக்கிழமை. இரட்டைச் சகோதரர் பெயரும் குவாமே. என் ஓட்டு 1940-க்கு. கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ரூமாவும் இப்படித்தான். பாதிரியார் பதிவேட்டில் 21 செப்டம்பர் 1909, அது செவ்வாய். தான் பிறந்தது சனிக்கிழமை என்று அவரே 1957-இல் வந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதற்கு முந்தைய சனி 18-ஆம் தேதி.

மெய்ப்பு:
எழுத்துக்கூட்டல் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதினால் 'அட்வோவா', 'குவாட்வோ' என்று வந்துவிடும். அக்கான் மொழியில் டி-யும் டபிள்யூ-வும் சேர்ந்தால் ஜகர ஒலி, ஜி-யும் ஒய்-யும் சேர்ந்தாலும் ஜகரம், கே-யும் ஒய்-யும் சேர்ந்தால் சகரம். அஜோவா, குவாஜோ, அஜெமான் என்றுதான் எழுத வேண்டும்.

மெய்ப்புத் திருத்தும்போது இரண்டு இடத்தில் கண் வையுங்கள். 'அமா' என்ற பெயரை எழுத்துப்பிழை என்று நினைத்து யாராவது 'அம்மா' ஆக்கிவிடுவார்கள், உரையாடல் நடுவில் வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். 'கோஃபி'யில் ஆய்தம் விட்டுப்போனால் 'கோபி', நம்மூர்க்காரர் ஆகிவிடுவார். முன்பு நாளிதழ்களில் ஐ.நா. பொதுச்செயலாளரை அப்படித்தானே படித்தோம்!

ஏட்டுச்சுருணை:
சுமினாவை விட்டுவிட்டேன். வசவு இல்லை, முறையான பெயர்தான். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் அடுத்த குழந்தைக்கு வேண்டுமென்றே இழிவான பெயர் வைப்பார்கள், சாவு 'இது யாருக்கும் வேண்டாத பிள்ளை' என்று ஏமாந்து விட்டுவிடும் என்று. 'டோன்கோர்' என்பதும் அந்த வகை. அடிமை என்று பொருள். அந்தப் பெயர் உள்ள பாத்திரம் அடிமை வம்சம் என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள்.

குப்பாயி, பிச்சை என்று இதே காரணத்துக்காகப் பெயர் வைத்தவர்கள் நம் பக்கமும் உண்டு. அதனால் சுமினாவைக் 'குப்பாயி' என்று தமிழாக்கத் தோன்றும், செய்யாதீர்கள், பாட்டி சேலத்துக்கு வந்துவிடுவாள். பெயர் அப்படியே இருக்கட்டும், அவளுக்கு முன் பிறந்தவர்கள் தங்கவில்லை என்று குறிப்பில் ஒரு வரி போதும். அந்தச் சாவுகள் கதையிலேயே வருகிறதென்றால் அந்த வரியும் வேண்டாம்.

தாள்முனை:
வருகிறது, இரண்டாம் பக்கத்திலேயே. அப்போ குறிப்பை எடுத்துவிடுகிறேன். அந்தத் தொகுப்பில் இரண்டு கதை கோத் திவாரின் அபிஜானில் நடப்பவை, அதற்குத் தனிப் பட்டியல் போட வேண்டியதுதான். கடலோடிக்கு நன்றி.

கடலோடி:
அபிஜான் பெருநகரம், எல்லா இனத்தாரும் இருப்பார்கள். குடும்பம் பவுலேதானா என்று கதைக்குள் தெரியாவிட்டால் கிழமையே போடாதீர்கள்.