அலுவலக வேலையை விட்டுப் புத்தகம் கட்டும் தொழிலில் இறங்குவது: குழந்தையை வைத்துக்கொண்டு எதை முதலில் தீர்மானிப்பது?

நூலிழை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரு பெரிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கையால் தைத்துப் புத்தகம் கட்டும் கலையை முறையாகக் கற்று, குறிப்பேடுகளும் ஓவியர்களுக்கான வரைபுத்தகங்களும் செய்து விற்கிறேன். மேலட்டைகளுக்கான ஓவியங்களையும் நானே வரைகிறேன். தொடக்கத்தில் தெரிந்தவர்கள் மட்டுமே வாங்கினார்கள். இப்போது முன்பின் அறியாதவர்களும், இரண்டு கடைக்காரர்களும் கேட்கிறார்கள். இரவில் மகள் உறங்கிய பிறகுதான் வேலை செய்ய முடிகிறது என்பதால், வரும் ஆர்டர்களில் பாதியை மறுக்கிறேன்.

வேலையை விடலாமா என்று கேட்டால், சில மாதச் செலவுக்குப் பணம் கையில் இருந்தால் துணிந்து இறங்கு என்கிறார்கள். பணம் ஓரளவு சேர்த்திருக்கிறேன். என் ஐயம் வேறு. நான் வீட்டிலேயே இருந்துவிட்டால் மகளைக் காப்பகத்தில் விட வேண்டியதில்லை, அந்தச் செலவும் மிச்சம் என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வேலையை விடுவதற்கு முன் எதையெல்லாம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்த வழியில் நடந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மடிதாள் (பதில்)

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது, தோழி. அந்தக் கணக்கில் உங்கள் உழைப்பு நேரம் எங்குமே இடம்பெறவில்லை. இப்போது இரவில் மட்டும் வேலை செய்கிறீர்கள்; அலுவலகத்தை விட்டுக் காப்பகத்தையும் நிறுத்திவிட்டால், பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் இரவில் மட்டும்தான் வேலை செய்வீர்கள். சம்பளம் போயிருக்கும், நேரம் கூடியிருக்காது. ஆகவே காப்பகச் செலவை மிச்சம் என்று எழுதாமல், தாள், நூல், பசை போலத் தொழிலுக்கான செலவாகவே எழுதுங்கள். அந்தச் செலவையும் தாங்குகிற விலைக்கு உங்கள் புத்தகங்கள் விற்குமானால்தான் இது தொழிலாக நிற்கும்.

நானும் பைண்டிங் வேலை செய்பவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்பதால், நேரத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் வேலையில் இடையில் நிறுத்தக்கூடியவை உண்டு, நிறுத்தவே கூடாதவையும் உண்டு. தாளை மடிப்பதையும் துளையிடுவதையும் எந்த நொடியிலும் விட்டு எழுந்துவிடலாம். தைக்கும்போதுகூட ஒரு ஃபாரம் (ஒன்றாக மடித்த தாள்களின் தொகுதி) முடிந்ததும் நூலை இறுக்கி வைத்துவிட்டுக் குழந்தையிடம் போகலாம். ஆனால் அட்டையின் மீது பசை தடவி, துணியைப் பரப்பி, மூலைகளை மடித்து, காற்றுக்குமிழ் இல்லாமல் நீவி, பாரத்துக்கு அடியில் வைக்கும் வரை எழுந்திருக்கவே முடியாது. வெள்ளைப் பசை விரைவில் பிடித்துவிடும். மாவுப் பசை மெதுவாகக் காய்வதால், நகர்த்திச் சரிசெய்யச் சற்று அவகாசம் தருகிறது. அந்தக் காரணத்துக்காகவே என் வேலையில் பாதியை மாவுப் பசைக்கு மாற்றிக்கொண்டேன். தாளின் இழையோட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்கும்படி பார்த்து வெட்டுவதும் இடையூறு தாங்காத வேலைதான், ஏனெனில் கவனம் சிதறி ஒரு கட்டுத் தாளைக் குறுக்கே வெட்டிவிட்டால், அந்தப் புத்தகங்கள் எதுவும் ஒழுங்காகத் திறந்து படியாது.

எனவே உங்கள் வேலைகளை இந்த இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நிறுத்தக்கூடாத வேலைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தில் மகள் யார் பொறுப்பில் இருப்பாள் என்பதற்கு விடை கிடைத்த பிறகு ராஜினாமாக் கடிதத்தை எழுதுங்கள். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்பதை விடையாக ஏற்காதீர்கள். இன்ன கிழமை, இன்ன நேரம், இன்னார் என்று பெயர் சொல்லி முடிவாக வேண்டும். கணவர் என்றால், அந்த நேரத்துக்கு அவருடைய அலுவலகம் அழைத்தாலும் அவர் எழுந்து போகமாட்டார் என்பதும் சேர்ந்தே முடிவாக வேண்டும். படம் எடுப்பது, பொதி கட்டுவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது, கணக்கு வைப்பது ஆகியவை புத்தகம் செய்வதற்கு ஆகும் நேரத்துக்குக் குறையாமல் நேரம் கேட்கும். அந்த உழைப்பும் விலைக்குள் இருக்க வேண்டும்.

பேரேடு (பதில்)

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் பணி. மடிதாள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். பணத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வேலையில் சேர்ந்தபோது நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். முன்னறிவிப்புக் காலம், பக்கத் தொழிலுக்கு அனுமதி பெற வேண்டுமா என்பது, பணிக்காலத்தில் உருவாக்கியவை யாருக்குச் சொந்தம் என்பது ஆகிய மூன்றையும் குறிப்பாகப் பாருங்கள். பல நாடுகளின் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாகப் படைத்தது நிறுவனத்துக்கே உரியது. மனிதவளப் பிரிவில் இருப்பவர் வரைந்த மேலட்டை அதற்குள் வராது என்று வாதிடலாம்தான்; ஆனால் சில ஒப்பந்தங்களின் வாசகம் மிக அகலமானது, அதிலும் அலுவலக மடிக்கணினியில் வரைந்திருந்தால் சிக்கல் கூடும். ஆகவே உங்கள் ஓவியக் கோப்புகள் சொந்தக் கருவியில் மட்டுமே இருக்கட்டும்.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. 1886-இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினராக உள்ளன. அதன்படி எந்தப் பதிவும் இல்லாமலேயே, படைத்த கணத்தில் படைப்பாளிக்கு உரிமை வந்துவிடுகிறது. மேலட்டை ஓவியத்துக்கு இது பொருந்தும். தையல் முறைக்குப் பொருந்தாது. காப்டிக் தையல் என்னும் பழங்காலப் புத்தகத் தையலை யார் வேண்டுமானாலும் தைக்கலாம்.

கடைக்காரர்கள் கேட்கிறார்கள் என்றீர்கள். கடைகள் பொதுவாகச் சில்லறை விலையில் பாதி அளவுக்கே வாங்கும். பணமும் 30 அல்லது 60 நாள் கழித்துத்தான் வரும். தாளுக்கும் துணிக்கும் நீங்கள் முன்பே பணம் கொடுத்திருப்பீர்கள். ஏட்டில் இலாபம் காட்டும் தொழில்கூட இந்த இடைவெளியில்தான் மூச்சுத் திணறுகிறது. அளவும் பெயரும் சொல்லிச் செய்யச் சொல்பவர்களிடம் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகே தாளை வெட்டுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தால் கட்டாது என்று தெரிந்தால், கடை ஆர்டரை ஏற்காமல் இருப்பதே நல்லது.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வரிக்கான பங்கைப் பணம் வந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக்கடனோ வேறு கடனோ வாங்கும் எண்ணம் இருந்தால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீட்டில் மகளும் இருந்தால், அது நிற்கும் நாளுக்கு முன்பே மாற்றுக் காப்பீடு தொடங்கியிருக்க வேண்டும்.

கீழ்வானம் (பதில்)

இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் முழுநேர வேலை அல்லது முழுநேரத் தொழில் என்று ஏன் இரண்டே வழிகளைப் பார்க்கிறோம்? நான் வேலையை விடவில்லை. பகுதிநேரத்துக்கு மாறிக்கொண்டு பீங்கான் பாத்திரங்கள் வனைகிறேன்.

இது சுலபமாகக் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் விளக்குவது இதைத்தான்: எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருப்பவருக்குச் சில பணிகள் விகிதத்துக்கு மிஞ்சி ஊதியம் தருகின்றன, முதல் குழந்தை பிறந்த பிறகு ஆண் பெண் ஊதிய இடைவெளி விரிவதற்கு அதுவே பெரிய காரணம். நேரத்தைப் பாதியாக்கினால் வருமானமும் வாய்ப்பும் பாதிக்கும் கீழே போகக்கூடும். தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். சம்பளம் குறைந்தாலும், அடுத்த மாதச் செலவுக்காக விருப்பமில்லாத ஆர்டரை ஏற்க வேண்டிய நெருக்கடி எனக்கு இல்லை, தொடக்க நிலையில் படைப்பின் தரத்தைக் காப்பாற்றியது அந்த நிம்மதிதான்.

தட்டச்சுப் பிழையை மறைக்கும் வெள்ளைத் திரவத்தை உருவாக்கிய பெட் நெஸ்மித் கிரஹாம், தனியாக மகனை வளர்த்த செயலாளர். 1956-இல் அதை விற்கத் தொடங்கிய பிறகும் அவர் வேலையில் நீடித்தார். மகனும் அவனுடைய நண்பர்களும் வீட்டில் புட்டிகளை நிரப்பிக் கொடுத்தார்கள். 1979-இல் அந்நிறுவனத்தை ஜில்லெட் 4.75 கோடி டாலருக்கு வாங்கியது. இடையில் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள். துணிந்து வேலையை உதறினார்கள் என்ற கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு, சம்பளத்தைப் பிடித்துக்கொண்டே வளர்த்தவர்களின் கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

நூலிழை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிறர் விண்ணப்பிக்கும் பகுதிநேர வேலைக் கோரிக்கைகளை நானே பரிசீலித்திருக்கிறேன். எனக்காகக் கேட்கலாம் என்று இதுவரை தோன்றவில்லை. வாரத்தில் மூன்று நாள் என்று எழுதிக் கேட்கப் போகிறேன். காப்பகம் தொடரும். ஒரு சிறு கேள்வி மட்டும் மிச்சம்: கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு பகல்களில் மறுத்துவந்த எல்லா ஆர்டர்களையும் ஏற்றுவிடலாமா?

மடிதாள்

எல்லாவற்றையும் ஏற்காதீர்கள். அளவுகளை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். ஒரே அளவில் பத்துப் புத்தகங்களுக்கு ஒரே மூச்சில் தாள் வெட்டி, ஒரு பகலில் எல்லா அட்டைகளுக்கும் பசை தடவினால், ஒவ்வொன்றாகச் செய்வதைவிட நேரம் வெகுவாகக் குறையும். தனி அளவு கேட்பவர்களுக்குக் கூடுதல் விலையும் நீண்ட தவணையும் சொல்லுங்கள். இரண்டு பகல்களில் ஒன்றைப் பசை வேலைக்கும் மேலட்டை வரைவதற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். தைப்பதை மகள் விழித்திருக்கும்போதும் செய்யலாம். ஊசியை மட்டும் அவளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.