இட்லித் தட்டில் பிளாஸ்டிக் தாள்: தந்தையார் தினமும் சாப்பிடும் கடையில் என்ன செய்வது?

அல்சூர்வாசி எழுதியது:

பெங்களூரில் எங்கள் தெருமுனை ஓட்டலில் 71 வயதான என் தந்தையார் பல ஆண்டுகளாகக் காலை இட்லி சாப்பிட்டு வருகிறார். சென்ற வாரம் கைகழுவப் பின்பக்கம் சென்றபோது, அடுப்பிலிருந்து இறக்கிய தட்டைப் பார்த்தேன். துணி இருக்க வேண்டிய இடத்தில் பால்நிறத் தாள் ஒன்று குழிகளில் அழுந்திச் சுருங்கிக் கிடந்தது. சமையல்காரர் தட்டைக் கவிழ்த்து அதை உரித்தெடுத்து, எண்ணெயில் விரலை நனைத்துத் தடவி, அடுத்த ஈட்டுக்கும் அதையே விரித்தார். உரிமையாளரிடம் கேட்டேன், துணியைவிட இதுதான் சுத்தம் என்றார்.

2025 பிப்ரவரியில் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் இதற்குத் தடை அறிவித்தது நினைவிருக்கிறது. மாநிலத்தில் எடுத்த சுமார் 250 மாதிரிகளில் 50க்கு மேற்பட்டவற்றில் பிளாஸ்டிக் பயன்பாடு தெரியவந்ததாக அப்போது சொன்னார்கள். இதுவரை சாப்பிட்டதால் தந்தையாருக்குத் தீங்கு வந்திருக்குமா? உரிமையாளர் அவருடைய பழைய நண்பர். பகை வராமல் இதை எப்படிப் பேசுவது?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

முதலில் தங்கள் அச்சத்தைச் சற்றுக் குறைக்க விரும்புகிறேன். ஒரு நாள் இட்லியால் யாரும் நோயில் விழுவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே போவதுதான் கவலைக்குரியது. மெல்லிய பாலித்தீன் 105 முதல் 115 டிகிரி செல்சியசில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். இட்லிப் பானையின் ஆவியோ ஏறத்தாழ 100 டிகிரி. தாங்கள் பார்த்த சுருக்கம் அதனால் வந்ததுதான்.

தூய பாலித்தீன் பெரிதாகக் கரைந்துவிடாது. ஆனால் கடையில் கிலோக் கணக்கில் வாங்கும் தாள் எதிலிருந்து வந்தது, அதில் என்னென்ன நிறமியும் சேர்மமும் கலந்திருக்கின்றன என்பதை விற்பவரே அறியமாட்டார். ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவுவது இன்னும் மோசம், ஏனென்றால் இந்தச் சேர்மங்களில் பல தண்ணீரைவிடக் கொழுப்பில் எளிதாக இறங்கும். மறுசுழற்சி செய்த பைகளில் உணவைப் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் முதலில் வெளிவந்தபோதே சொல்லியிருந்தன. இதே காரணத்தால், கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டிக் கொடுப்பதை இட்லித் தாளைவிடப் பெரிய கேடு என்று கருதுகிறேன். தந்தையாரிடம் ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்புங்கள்.

ஸ்ரீராமபுரம் சமையல்காரன்:

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்யாணச் சமையலில் இருப்பவன். அந்த உரிமையாளர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இட்லித் துணியை ஒவ்வொரு ஈட்டுக்கும் அலசிப் பிழிய வேண்டும். காலை ஆறு மணிக்குக் கூட்டம் வரிசையில் நிற்கும்போது, அதற்கென்றே ஓர் ஆளும் இரண்டு வாளித் தண்ணீரும் தேவை. 2024 கோடையில் நகரமெங்கும் போர்வெல் வற்றி லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிய நாட்களில், தாளுக்கு மாறிய சமையலறைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அலசாமல் ஈரத்தோடு சுருட்டி வைத்த துணி மறுநாள் புளித்த வாடை வீசும். அந்தத் துணியில் வார்த்த இட்லியும் நல்லதல்ல.

வெளுக்காத பருத்தித் துணியில் மூன்று செட் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று தட்டில், ஒன்று அலசலில், ஒன்று கொடியில். வெந்ததும் கவிழ்த்து, துணியின் முதுகில் கையளவு தண்ணீர் தெளித்து அரை நிமிடம் விட்டால் இட்லி தானே கழன்றுவிடும், எண்ணெயே வேண்டாம். இரவில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். துணியே வேண்டாமென்றால், எண்ணெய் தடவிய எவர்சில்வர் குழித்தட்டு இருக்கிறது. உரிமையாளரைத் திட்டாதீர்கள். ஆள் பற்றாக்குறையில் தவிப்பவரிடம் முதலில் வழியைக் காட்டினால்தான் காது கொடுப்பார்.

விவேக்நகர் வாசகி:

வழி காட்டியும் கேட்காவிட்டால் புகார் செய்யத் தயங்காதீர்கள், அங்கே குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1800112100 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ தெரிவிக்கலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பரிசோதிக்கச் செய்யலாம்; ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

அல்சூர்வாசி:

மூவருக்கும் நன்றி. நேற்று சிவாஜிநகரில் ஆறு கெஜம் காடாத் துணி வாங்கி, தட்டின் அளவுக்கு வெட்டி, தந்தையார் கையாலேயே உரிமையாளரிடம் கொடுக்கச் செய்தேன். அவர் முதலில் முகம் சுளித்தார். தண்ணீர் தெளிக்கும் முறையைச் சொன்னதும் சமையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். இன்று காலை இரண்டு தட்டுகளில் துணி இருந்தது, மூன்றாவதில் தாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.