சுவரை இடிக்கலாமா? உங்கள் யோசனை தேவை

கூடத்தையும் சமையலறையையும் பிரிக்கும் சுவரை இடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. எல்லோரும் சேர்ந்திருக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அம்மா தொலைபேசியில் மனம்விட்டுப் பேச ஒரு மூலைகூட மிஞ்சாது. என் கவலையெல்லாம் அதுதான்.

மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் அமெரிக்கர்களைக் கவனித்து வகுத்த அளவுகளில், மிக நெருங்கியவர்களுக்கான இடைவெளி சுமார் 45 சென்டிமீட்டர் வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை. அதைத் தாண்டினால் பேச்சு சம்பிரதாயமாகிறது. பெரிய கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கிவிட்டால் இதுதானே நடக்கும்?

இடுப்புயரச் சுவர் மட்டும் விடலாமா என்றும் யோசிக்கிறேன். உட்கார்ந்திருப்பவரை அது ஓரளவு மறைக்கும், ஆனால் குரலைத் தடுக்காது! நகர்த்தும் கதவு, புத்தக அலமாரித் தடுப்பு, சன்னலோர இருக்கை இவற்றில் எதையாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். முழுச் சுவரையும் இடித்தவர்களே, தனிமை வேண்டும்போது இப்போது எங்கே போகிறீர்கள்?