உதவி தேவை: காற்றில்லாத நாளில் பொம்மை வாத்துகளை உயிருள்ளவைபோல் அசைப்பது எப்படி?

வரப்போரம்:

வணக்கம். வட கலிஃபோர்னியாவில் கொலுசா பக்கம் வாத்து வேட்டைக்குப் போகிறேன். எனக்கு இது இரண்டாவது பருவம். நெல் அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய வயல், ஆழம் எட்டு அங்குலம் இருக்கும். வரப்பில் புதைத்த இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்போம். முன்னால் மூன்று டஜன் பொம்மைகள்: மல்லார்ட், ஊசிவால், கொஞ்சம் நாமத்தலை.

வடக்கிலிருந்து காற்று அடிக்கிற நாளில் ஒரு குறையும் இல்லை. அலையே பொம்மைகளை ஆட்டுகிறது, பறவைகள் நம்பி இறங்குகின்றன. ஆனால் இந்த நவம்பரில் பல நாள் காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது, முப்பத்தாறு பிளாஸ்டிக் வாத்துகளும் ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன.

அதனால் போன வாரம் ஜெர்க் ஸ்ட்ரிங் என்கிற இழுகயிறு ஒன்று செய்தேன். சேற்றில் ஒரு முளை அடித்து, அதில் பங்கி என்கிற, இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு நான்கடி கட்டினேன். லாரியில் சாமான் கட்ட வாங்கியது, விரல் பருமன். அதிலிருந்து தொட்டி வரை எழுபது அடி வெள்ளை நைலான் கயிறு. முளைப் பக்கமாக நான்கு பொம்மைகளைக் கயிற்றோடு ஒட்டி முடிச்சுப் போட்டிருக்கிறேன். இழுத்தால் ஆடுகின்றன, அலையும் வருகிறது. ஆனால் பறவைகள் இரண்டு சுற்றுச் சுற்றி, சிறகை வளைத்து இறங்க வந்து, அறுபது கஜத்தில் சட்டென்று மேலே எழும்பிவிடுகின்றன. கயிறு இல்லாதபோது இருநூறு கஜத்திலேயே விலகிப் போயின. அதாவது ஏதோ ஒன்று வேலை செய்கிறது, ஏதோ ஒன்று கெடுக்கிறது.

அறுபது கஜத்தில் சுட எனக்கு மனசில்லை. போன வருடம் அப்படிச் சுட்டதில் ஒரு ஊசிவால் பெட்டை சிறகில் மட்டும் அடிபட்டுக் கோரைக்குள் போய்விட்டது. இருட்டும் வரை தேடினோம், கிடைக்கவில்லை. சின்ன வயதில் கோடியக்கரையில் அப்பா கைநீட்டிக் காட்டிய பறவை அது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. கிட்டே வந்தால் மட்டும் சுடுவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கிட்டே வரவழைக்கத்தான் வழி கேட்கிறேன். மோட்டார் சிறகு பொம்மை வாங்கினால் தீருமா?

கோரைக்குளம்:

மோட்டாரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் பருவம் தொடங்கிய நாளிலிருந்து நவம்பர் 30 வரை, இயற்கைக் காற்றைத் தவிர வேறு எதனாலும் சுழலும் சிறகு பொம்மையை வைத்து வாத்து வேட்டையாடக் கூடாது. காற்றில் சுழல்வதை வைக்கலாம், ஆனால் உங்களுக்குக் காற்றே இல்லையே.

டிசம்பர் 1 முதல் அனுமதி உண்டு. அந்தச் சிறகின் ஒரு பக்கம் கருமை, மறுபக்கம் வெண்மை. சுழலும்போது மினுக் மினுக்கென்று தெரிவது, இறங்கப்போகிற வாத்து சிறகடித்து வேகத்தைக் குறைப்பதுபோல் இருக்கும். தூரத்துப் பறவையைத் திருப்ப அது நல்லதுதான். ஆனால் டிசம்பருக்குள் இங்கே வந்து சேரும் பறவைகள் வழியெல்லாம் அதைப் பார்த்திருக்கும். கிட்டே வந்தபிறகு நம்பவைப்பது தண்ணீரில் இருக்கும் அசைவுதான். இழுகயிற்றையே சரிசெய்யுங்கள்.

வடகாற்று:

தம்பி, மூன்று விஷயம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. ஒன்று, பொம்மையின் வயிற்றுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பட்டையில் முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை இருக்கும். எதில் கட்டினீர்கள்? இரண்டு, பறவை இறங்க வரும்போது கை என்ன செய்துகொண்டிருக்கிறது? மூன்று, பொம்மைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது பறவை வருகிற பக்கத்திலிருந்து, எப்போதாவது பார்த்தீர்களா? இல்லையென்றால் எதிர் வரப்பில் போனை நிறுத்தி வீடியோ எடுத்துவிட்டு வாருங்கள். தொட்டிக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

வரப்போரம்:

நீங்கள் சொன்னபடி நேற்று வீடியோ எடுத்தேன் அண்ணா. பார்த்ததும் சங்கடமாகிவிட்டது.

பின் துளையில்தான் கட்டியிருக்கிறேன். முன் துளையில் ஏற்கெனவே நங்கூரக் கயிறு இருந்தது, இருட்டில் எது காலியோ அதில் கட்டிவிட்டேன். இழுக்கும்போது நான்கும் வால் முன்னே போக, பின்பக்கமாக நகர்கின்றன! நான்கும் ஒரே நொடியில் கிளம்பி ஒரே நொடியில் நிற்கின்றன, அணிவகுப்பு மாதிரி. இரண்டு பொம்மைகள் பலமாக இழுத்தால் பக்கவாட்டில் சாய்ந்து வயிற்றைக் காட்டிவிட்டு நிமிர்கின்றன. கயிறு தொட்டியிலிருந்து சாய்வாக இறங்குவதால், இழுக்கும்போது இருபது அடிக்கு மேல் தண்ணீரை விட்டு எழும்பி, வெள்ளைக் கோடு போட்டதுபோல் சொட்டச் சொட்டத் தெரிகிறது.

பறவை கிட்டே வரும்போது நான் இன்னும் வேகமாக இழுக்கிறேன். வந்துவிடும் என்ற ஆசையில்.

வடகாற்று:

வீடியோ எடுத்தீர்கள் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. மற்றதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வாத்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருநாள் துப்பாக்கி இல்லாமல் வில்லோஸ் பக்கத்திலிருக்கும் சாக்ரமெண்டோ தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குப் போய், வண்டிக்குள்ளேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். மேய்கிற மல்லார்ட் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலைத் தூக்கி, காலால் உதைத்துக்கொண்டே இருக்கும். உடம்பு நகர்வது ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் அதைச் சுற்றி வட்ட வட்டமாக அலை கிளம்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒன்று சும்மா மிதக்கும், அந்த அலையில் மெல்ல ஏறி இறங்கும். இன்னொன்று நீந்திப்போய் நின்று, திரும்பும். இருபது வாத்துகளில் நகர்வது நான்கைந்துதான். மேலே இருந்து பார்க்கிற பறவைக்கு முதலில் தெரிவது வாத்து இல்லை, அந்த அலை. உங்கள் வேலை அலையை உண்டாக்குவது. பொம்மை நகர்வது அதற்கு அப்புறம்தான்.

அதனால் ஒரு சாண் இழுப்பு போதும். நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று வீடியோ பார்க்காமலே சொல்வேன், ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். விரல் பருமன் பங்கி கயிற்றை நீட்ட அவ்வளவு பலம் வேண்டும், பலம் போட்டால் கை அளவு மீறும், விட்டால் அது வெடுக்கென்று பறித்துக்கொண்டு போகும். பொம்மை சாய்வது அதனால்தான். பென்சில் பருமனில் ஒன்று வாங்குங்கள், ஆறடி நீளம். இரண்டு விரலால் நீட்ட முடியவேண்டும்.

முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். பெரிய கயிற்றில் நான்கு இடத்தில் சின்ன வளையம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கயிறு, அதன் நுனியில் தூண்டிலுக்குப் போடும் சுழல் கொக்கி. கொக்கியை முன் துளையில் மாட்டுங்கள். நங்கூரக் கயிற்றை அந்த நான்கிலிருந்து கழற்றிவிடுங்கள், இழுகயிறே பிடித்துக்கொள்ளும். துண்டுக் கயிறு இருந்தால் இழுக்கும்போது தலை உங்கள் பக்கம் திரும்பும், விடும்போது பொம்மை அரைவட்டம் அடித்து மறுபக்கம் போகும். அந்த அரைவட்டம்தான் அழகு. நான்கும் ஒரே அளவாக வேண்டாம். ஒன்று முக்கால் அடி, ஒன்று ஒரு அடி, ஒன்று ஒன்றரை அடி என்று மாற்றுங்கள். நீளக் கயிறு இறுகச் சற்று நேரம் பிடிக்கும், அதனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அணிவகுப்பு நின்றுபோகும்.

கயிறு தண்ணீரை விட்டு எழும்புவதற்கு: தொட்டிக்கு முன்னால் ஐந்தடியில் இன்னொரு முளை அடியுங்கள், தலை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். அதில் ஒரு வளையம். கயிறு அதன் வழியாக வரட்டும். அப்போது எழும்புவது கடைசி ஐந்தடி மட்டும்தான், அதை நெல் தாளைப் போட்டு மறைத்துவிடலாம். வெள்ளை நைலான் வேண்டாம். தார் பூசிய கருப்புக் கயிறு மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும், அது தண்ணீரில் முழுகவும் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. 1991இல் நெல் தாள் எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் வந்தபிறகு, இந்தப் பள்ளத்தாக்கில் பலர் தாளை மக்கவைக்கத்தான் குளிர்காலத்தில் தண்ணீர் கட்டுகிறார்கள். வாத்துகளுக்கு அது வரம். உங்கள் கயிற்றுக்குத் தொல்லை. எட்டு அங்குலத் தண்ணீரில் கயிறு தாள்கட்டையில் மாட்டும், மிதக்கிற தாள் கொத்துக் கொத்தாகச் சேரும். கயிறு ஓடும் தடத்தை முதல்நாளே காலால் மிதித்துச் சேற்றுக்குள் அழுத்திவிடுங்கள், மூன்றடி அகலம் போதும்.

இனி கை. பறவை தூரத்தில் குறுக்கே பறக்கும்போதும், முதுகைக் காட்டிப் போகும்போதும் இழுங்கள். ஒரு சாண், விடு. ஒரு சாண், விடு. அப்புறம் அலை ஓடி முடியும் வரை பொறு. திரும்பி நேராக உங்களைப் பார்த்து வரும்போது கையை எடுத்துவிடுங்கள். முன்பு கிளப்பிய அலையே மற்ற பொம்மைகளை இன்னும் சில நொடி ஆட்டிக்கொண்டிருக்கும். இறங்க வருகிற பறவை ஒவ்வொரு பொம்மையையும் உற்றுப் பார்க்கும், அந்த நேரத்தில் ஒரு சின்னத் தப்புகூட அதற்குத் தெரியும். ஆசையில் இழுக்கிற அந்தக் கடைசி இழுப்புதான் உங்களைக் கெடுத்தது.

நீர்வாசல்:

வடகாற்று அண்ணா சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு வேறு அனுபவம். சுத்தமாகக் காற்றே இல்லாத நாளில், பறவை நேராக வரும்போதும் நான் நிறுத்துவதில்லை. விரல் நுனியால் லேசாகத் தொட்டுக்கொண்டே இருப்பேன், பொம்மை நகராது, அலை மட்டும் வரும். அதுவரை ஆடிய தண்ணீர் திடீரென்று உறைந்து நின்றால் அதுவே சில பறவைகளை உஷார்ப்படுத்துகிறது. கைப்பழக்கம் வந்தபிறகு இதை முயன்று பாருங்கள்.

இன்னொன்று. மூன்று டஜனை ஒன்றரை டஜனாகக் குறையுங்கள். நான்கு பொம்மையின் அலை பதினெட்டுக்கு எட்டும், முப்பத்தாறுக்கு எட்டாது. அசையாத பொம்மை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வடகாற்று:

நீர்வாசல் சொல்வது சரி. லேசான கை இருந்தால் நிறுத்த வேண்டாம். பழகும்வரை தம்பி நிறுத்துவதே நல்லது.

கோரைக்குளம்:

சின்னதாக ஒரு விஷயம், படிக்கும்போது நினைவு வந்தது. காட்டி ஈர்ப்பதற்காக வைக்கும் விலங்குக்கும் பறவைக்கும் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். வேடர்கள் பழக்கிய மானைக் கட்டிவைத்து மற்ற மான்களை வரவழைத்தார்கள். அமெரிக்காவிலும் உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து வேட்டையாடுவது நெடுநாள் வழக்கம், 1935இல்தான் தடைசெய்தார்கள். அந்த வாத்து தானே அசைந்தது, தானே கூப்பிட்டது. அதைப் பிடுங்கியபிறகு அந்த அசைவை நம் கைதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மலைக்கு அந்தப்பக்கம் நெவாடாவில், லவ்லாக் குகையில் 1924இல் பதினொரு பொம்மை வாத்துகள் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் வருடப் பழமை. கோரையைக் கட்டிச் செய்த உடம்பு, சிலவற்றில் மேலே நிஜ இறகைச் செருகி, வண்ணம் பூசியிருக்கிறார்கள். படத்தைத் தேடிப் பாருங்கள். கழுத்து வளைவைப் பார்த்தாலே செய்தவர் வாத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று தெரியும்.

வரப்போரம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று போய்வந்தேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல்நாள் சாயங்காலமே தடத்தை மிதித்து வைத்தேன். பென்சில் பருமன் பங்கி, கருப்புக் கயிறு, முன் துளை, நான்கு விதத் துண்டுக் கயிறு, வளையம் வைத்த முளை, பொம்மை பதினெட்டு. விடியும்போது மூடுபனி, ஒரு இலைகூட அசையவில்லை. முதல் கூட்டம் வந்து ஐம்பது கஜத்தில் விலகிவிட்டது. மனசு விட்டுப்போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் அசையும் நான்கைத் தவிர எல்லாப் பொம்மையின் முதுகிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. இறங்கிப்போய் ஒவ்வொன்றின்மேலும் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு வந்தேன்.

எட்டு மணி வாக்கில் ஐந்து மல்லார்ட். வால் காட்டிப் போனபோது இரண்டு இழுப்பு. திரும்பின. கையை எடுத்துவிட்டேன், அதுவே பெரிய பாடு, விரல் துடித்தது. அலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நீளக் கயிற்றில் இருந்த பெட்டைப் பொம்மை அப்போதுதான் மெதுவாக அரைவட்டம் திரும்பியது. ஐந்தும் காலை நீட்டிக்கொண்டு இருபத்தைந்து கஜத்துக்குள் வந்துவிட்டன. ஒரு ஆண் வாத்து, ஒரே குண்டு, விழுந்த இடத்திலேயே கிடைத்தது.

அதற்கப்புறம் ஒரு ஊசிவால் ஜோடி இறங்கியே விட்டது, பொம்மைகளுக்கு நடுவில். ஆண் ஊசிவால் என் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. துப்பாக்கியைத் தொடவில்லை, இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவை கிளம்பும்வரை கயிற்றையும் தொடவில்லை.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. குட்டையான துண்டுக் கயிற்றில் இருக்கிற பொம்மை இன்னமும் இழுக்கும்போது சாய்கிறது. நாலில் அது மட்டும்தான்.

வடகாற்று:

அதன் அடிப்பட்டையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருந்து தண்ணீர் நிறைந்தால் மட்டும் நிற்கிற ரகமாக இருக்கும், இழுத்தால் தண்ணீர் முழுதாக நிறைவதற்குள் சாய்ந்துவிடும். மணல் அடைத்த பட்டை உள்ள ஒன்றைக் கயிற்றுக்கு மாற்றிவிட்டு, இதை நங்கூரத்தில் போடுங்கள். லேசானது என்பதால் அலைக்கு நன்றாக ஆடும், முதல் வரிசையில் வைக்கலாம்.

வரப்போரம்:

தட்டிப் பார்த்தேன், காலிதான். மாற்றிவிட்டேன். சனிக்கிழமை மறுபடி போகிறோம்.