‘பேட்டரித் திறன்’ வேண்டாம்: கொள்ளளவும் தொய்வும்

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

துளைக்கருவி ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் தம்பி சனிக்கிழமை கேட்டது இது:

> “பேட்டரியின் திறன் கூடினால் கருவியின் திறன் கூடும்” என்று எழுதியிருக்கிறேன். சரிதானா? கெபாசிட்டி, பவர், பெர்ஃபார்மன்ஸ் மூன்றுக்கும் எனக்குத் ‘திறன்’ என்ற ஒரே சொல்தான் வருகிறது.

அதன்பின் வந்த மடல்களில் கொள்திறன், கொள்மை, மின்தேக்கம், மின்னிருப்பு என்று சொற்கள் குவிந்துவிட்டன. அந்த வாக்கியம் உண்மைதானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அதுதான் முதலில் உறுத்துகிறது. மடல் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன் என்றால் வாட்டில் அளக்கும் பவர். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் 2.0, 5.0 ஆம்பியர்-மணி என்பது திறன் அன்று. உள்ளே எவ்வளவு மின்னூட்டம் கொள்ளும் என்ற கணக்கு. இதற்குப் புதுச்சொல் எதற்கு? மேட்டூர் அணைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., இன்றைய இருப்பு இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. டீக்கடையில் செய்தித்தாள் படிக்கிறவர் யாரும் இந்த நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை. மின்னழுத்தம் நீர்மட்டம் போன்றது. ஆம்பியர்-மணி கொள்ளளவு. பேட்டரியின் முகப்பில் எரியும் நான்கு சிறு விளக்குகள் காட்டுவது இருப்பு. ஆகவே ‘மின்னிருப்பு’ என்ற முன்மொழிவை நான் தள்ளவில்லை, இடம் மாற்றுகிறேன். அது மீதமிருக்கும் சார்ஜுக்குரிய சொல்.

இதையும் ஆற்றலோடு கலக்க வேண்டாம். 18 வோல்ட்டில் 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி ஆற்றல். விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் உதிரி பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 6 ஆம்பியர்-மணி பேட்டரி 108 ஆகிவிடுகிறது. விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். கையேட்டின் பயணப் பகுதியில் ‘திறன்’ என்று எழுதிவைத்தால் படிப்பவர் எதைக் கணக்கிடுவார்?

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு வாசற்கதவுக்குப் பூட்டு மாற்றினோம். பழைய தேக்குக் கதவு; பூட்டுக்காக 54 மில்லிமீட்டர் ஹோல்சா (வட்டமாக அறுத்துத் துளை போடும் பல்) ஓட்ட வேண்டும். என் கருவியில் 2 ஆம்பியர்-மணி பேட்டரி, நான்கில் மூன்று விளக்குகள் எரிந்தன. பாதி மரம் போவதற்குள் கருவி முக்கி முனகி நின்றுவிட்டது. சுவிட்சை விட்டு மறுபடி அழுத்தினால் காற்றில் ஜோராகச் சுழல்கிறது. மரத்தில் வைத்தால் படுத்துக்கொள்கிறது. வேலைக்கு வந்திருந்த தச்சர் தம் பெட்டியிலிருந்து அதே வகை 5 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துச் செருகினார். அதே கருவி, அதே பல், அதே கதவு. துளை முடிந்தது. “சின்ன பேட்டரியில் சார்ஜ் இருக்கும், இழுவை இருக்காது” என்றார். நான் இத்தனை ஆண்டு வகுப்பில் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த இழுவை எங்கிருந்து வந்தது? 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம்-அயனிக் கலங்கள் ஐந்து தொடராகக் கோத்திருக்கும். (சில பெட்டிகளில் ‘20 வோல்ட்’ என்று இருக்கும். அதே ஐந்து கலங்கள்தான். முழுதும் ஏறிய நிலையில், சுமை இல்லாதபோது, கலத்துக்கு ஏறக்குறைய 4 வோல்ட் என்பதால் அந்த எண். வேறுபாடு பெட்டியில் மட்டும்.) என்னுடைய 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பவை அந்த ஐந்தே. தச்சருடையதில் 2.5 ஆம்பியர்-மணிக் கலங்கள் பத்து: ஐந்து தொடர், ஒவ்வொரு படியிலும் இரண்டு இணை.

ஒவ்வொரு கலத்துக்கும் அகமின்தடை, அதாவது தன் வழியே போகும் மின்னோட்டத்தைத் தானே தடுக்கும் தன்மை, உண்டு. கணக்குக்காகக் கலத்துக்கு 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து தொடரில் 100 மில்லி ஓம். மோட்டார் திணறி 30 ஆம்பியர் கேட்டால் 3 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலைகிறது. கருவிக்குக் கிடைப்பது 15 வோல்ட், 450 வாட். உள்ளே 90 வாட் வெப்பமாகிறது. பேட்டரி சுடுவது அதனால்தான். இணையாக இன்னொரு வரிசை சேர்ந்தால் தடை பாதியாகி 50 மில்லி ஓம். இழப்பு 1.5 வோல்ட், கருவிக்கு 16.5 வோல்ட், 495 வாட். வெப்பமும் பாதி. இருப்பு சற்றுக் குறைந்திருக்கும் வேளையில் இந்த ஒன்றரை வோல்ட்தான், தாழ் மின்னழுத்தத்தில் நிறுத்திவிடும் காப்புச்சுற்று குறுக்கிடுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

மேட்டூர் உவமை இங்கே சற்று நொண்டுகிறது. அணையைத் தூர்வாரிக் கொள்ளளவைக் கூட்டினால் மதகு அகலமாவதில்லை. பேட்டரியிலோ ஒவ்வொரு கலமும் தன் மதகோடு வரும் சிறு ஏரி. வரிசை கூடினால் நீரும் கூடுகிறது, மதகும் கூடுகிறது. தம்பியின் வாக்கியம் பாதி உண்மையானது இரண்டாவதால். அவர் எழுதியிருப்பதோ முதலாவதை மட்டும்.

பாதி உண்மை என்று ஏன் சொல்கிறேன்? 4 ஆம்பியர்-மணி பேட்டரியை இரண்டு வகையாகச் செய்யலாம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 கலங்கள் பத்து வைக்கலாம். 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள 21700 கலங்கள் ஐந்து வைக்கலாம். சீட்டில் ஒரே எண், கையில் ஒரே இழுவை என்ற உறுதி இல்லை. ஒரே அளவுள்ள கலத்திலேயே கொள்ளளவைக் கூட்டினால் பெரும்பாலும் பெரிய ஓட்டத்தைத் தாங்கும் வலு குறைகிறது. தவிர, சீட்டில் உள்ள எண்ணே நிதானமாகக் காலி செய்து அளந்தது. கலத்துக்கு வழக்கம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் ‘150 ஆம்பியர்-மணி, சி20’ என்று பார்த்திருப்பீர்கள். இருபது மணி நேரம் 7.5 ஆம்பியர் எடுத்தால்தான் அந்த 150. நம் கருவியோ 30 ஆம்பியர் கேட்கிறது. எளிய வகுத்தலில் 2 ஆம்பியர்-மணி நான்கு நிமிடம், 5 ஆம்பியர்-மணி பத்து நிமிடம். நடப்பில் அதற்கும் குறைவு. மறுபுறம், அலமாரிக் கீலுக்கு நான்கு திருகாணி முடுக்கும் வேலையில் இரண்டு பேட்டரிக்கும் வேறுபாடே தெரியாது. பெரியதைத் தூக்கிய தோள்தான் வலிக்கும்.

ஆகவே சொல் தேவைப்படும் இடம் வேறு. சுமை ஏறும்போது மின்னழுத்தம் தணிந்து, சுமை விலகியதும் எழுகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ‘வோல்டேஜ் சாக்’ என்கிறார்கள். நேற்றைய மடலில் ஒருவர் ‘வீழ்ச்சி’ என்றார். விழுந்தது தானாக எழாது. மேலும் தடையின் இரு முனைகளுக்கிடையே குறையும் மின்னழுத்தத்துக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேலை செய்கிறது. ‘சரிவு’ பங்குச்சந்தைக்காரர்களிடம் போய்விட்டது. ‘தாழ்வு’ நிலையைக் குறிக்கிறது, நிகழ்வை அன்று.

என் முன்மொழிவு: மின்னழுத்தத் தொய்வு. சுருக்கமாகத் தொய்வு.

கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர வேட்டியைப் போட்டால் தொய்கிறது. எடுத்துவிட்டால் எழுகிறது. ஒற்றை இழைக் கயிறு அதிகம் தொயும், முறுக்கி இரட்டையாகக் கட்டினால் குறைவாகத் தொயும். என் கதவில் நடந்தது அணுவும் பிசகாமல் இதுதான். வினையும் கைக்கு வருகிறது: ‘பேட்டரி தொய்கிறது’, ‘தொயாத பேட்டரி’. பெயர்ச்சொல்லாக மட்டும் நிற்கும் கலைச்சொல் பட்டறைக்குள் நுழையாது என்பது என் பட்டறிவு.

போகிற போக்கில் ஒன்று. ‘கார்ட்லெஸ்’ என்பதைக் ‘கம்பியில்லா’ என்று போட்டிருக்கிறார் தம்பி. கம்பியில்லாத் தந்தி கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு, அந்தத் துளைக்கருவி வானொலி அலையில் ஓடுவது போலத் தோன்றும். ஜெர்மானியர் இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்லி, ‘அக்கு’ என்று பேட்டரியின் பெயரை முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். நம் கடைக்காரரும் ‘பேட்டரி டிரில்லிங் மெஷின்’ என்றுதான் சொல்கிறார். பேட்டரித் துளைக்கருவி என்றே இருக்கட்டும்.

அன்புடன்,
கோவையிலிருந்து

மறுமொழி

ஐயா, வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பழைய மின்கலவடுக்குகளை (நீங்கள் சொல்லும் பேட்டரிகளை) பிரித்துச் சீராக்குவது என் தொழில். தொய்வு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்று உறுத்தல்கள்.

கொள்ளளவு என்று நீங்கள் நிம்மதியாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் பாடநூலில் மின்தேக்கிக்கு (கெபாசிட்டர்) கொள்ளளவி என்று பெயர். அதன் அளவு கொள்ளளவம். ஒரேயொரு எழுத்து வேறுபாடு. உங்கள் திறன் எங்களுக்கு வலு. உங்கள் ஆற்றல் எங்களுக்குச் சக்தி. “பெரிய ஓட்டத்தைத் தாங்கும் வலு” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகள் அதை வாட்டில் கணக்கிட்டுவிடுவார்கள்!

இரண்டாவது, மின்கம்பங்களுக்கிடையே கம்பி தொய்வதும் தொய்வுதான். மின்னியல் நூல் ஒன்றில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால்?

மூன்றாவது, செய்தித்தாளில் ‘பணிகளில் தொய்வு’ என்றால் சுணக்கம். பேட்டரி சோம்பேறி என்று படிப்பவர் எண்ணக்கூடும்.

ஒன்று சேர்க்க விரும்புகிறேன். என் மேசைக்கு வருபவற்றில் பாதி, ‘சார்ஜ் நிற்கிறது, ஆனால் இழுக்கவில்லை’ என்ற முறைப்பாட்டோடு வருபவை. பழகப் பழகக் கலத்தின் கொள்ளளவு குறைவது எல்லோருக்கும் தெரியும். அகத்தடை ஏறுவது தெரியாது. புதிய ஐந்து கலங்கள், தேய்ந்த பத்துக் கலங்களைவிடக் குறைவாகத் தொய்வதைப் பார்த்திருக்கிறேன். சுமையை எடுத்தபின் மின்னழுத்தம் எழுவதற்கும் சொல் வேண்டும். ‘மீட்சி’ போதுமா?

மீண்டும் கோவையிலிருந்து

அம்மா, ‘வலு’வில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். ‘தாங்கும் தன்மை’ என்று திருத்திக்கொள்கிறேன்.

கொள்ளளவை விட எனக்கு மனமில்லை. கையேடு இரு நாட்டுக்கும் போகுமானால் ‘மின்கலக் கொள்ளளவு’ என்று முதல் முறை விரித்து எழுதி, பக்கத்திலேயே ஆம்பியர்-மணி என்ற அலகையும் போட்டுவிடலாம். அலகு கூட இருந்தால் கொள்ளளவம் குறுக்கே வராது. கம்பித் தொய்வுக்கும் அதே மருந்து: முதலில் ‘மின்னழுத்தத் தொய்வு’, பிறகு தனித் தொய்வு. சோம்பேறிப் பொருள் இருக்கட்டுமே. என் கதவுக்கு முன்னால் அந்த பேட்டரி வேறென்ன செய்தது? மீட்சியை இரு கையாலும் ஏற்கிறேன். தேய்ந்த கலம் பற்றி நீங்கள் சொன்னதையும் கையேட்டின் பழுதுநீக்கும் பகுதியில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

தம்பி, உங்கள் வாக்கியத்துக்குப் பதிலாக இதைப் போட்டுப் பாருங்கள்:

“கொள்ளளவு கூடிய பேட்டரி ஒரு மின்னேற்றத்தில் கூடுதல் நேரம் உழைக்கும். இணை வரிசைகள் கூடுதலாக உள்ள பேட்டரியில் கடினமான வேலையின்போது மின்னழுத்தத் தொய்வு குறைவாக இருக்கும். அதனால் கருவிக்குக் கிடைக்கும் திறன் கூடும்.”

இரண்டாம் வரியை எழுதுமுன், அந்த நிறுவனத்தின் 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்குள் ஐந்து கலங்களா பத்துக் கலங்களா என்று கேட்டு எழுதுங்கள். சொல்ல மறுத்தால் துணைக்கருவி அட்டவணையில் எடையைப் பாருங்கள். 18650 கலம் ஒன்று ஏறக்குறைய 45 கிராம், 21700 என்றால் 70. பத்துச் சிறியவை 450 கிராம், ஐந்து பெரியவை 350. கூட்டோடு எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள், மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.