மறு: கான்ஜுகேட் தடுப்பூசிக்குத் தமிழ்ச்சொல்

> “இணைத் தடுப்பூசி” போதுமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ‘இணை’ என்றதும் பென்டாவேலன்ட் மாதிரி பல நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடுவதுதான் நினைவுக்கு வரும். அங்கே நடப்பது சேர்ப்பு. கான்ஜுகேட் ஊசியில், உதாரணமாக நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியின் சர்க்கரை உறையை எடுத்து, வேறொரு புரதத்தோடு வேதிமுறையில் பிணைக்கிறார்கள்.

முதியோருக்கான நிமோகாக்கஸ் தடுப்பூசித் திட்டங்களைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும். பிரிட்டனில் 2003-இல் 80 வயதைக் கடந்தவர்களிடம் தொடங்கி, 2005-க்குள் 65-க்கு இறங்கி வந்தார்கள். ஜப்பானும் 2014 அக்டோபரில் வழக்கமான திட்டத்தில் சேர்த்தது. இரண்டு நாடுகளிலும் போட்டது அந்தக் கிருமியின் 23 வகைகளுக்கான, புரதம் இல்லாத வெறும் உறைச் சர்க்கரை ஊசி. அதற்கு டி செல்களின் (நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளையணுக்கள்) துணை கிடைக்காது. நோயெதிர்ப்பு நினைவும் உருவாகாது. சில ஆண்டுகளில் வலு குறைந்துவிடும். புரதத்தைப் பிணைத்தால்தான் டி செல்கள் களத்தில் இறங்கும்.

நெதர்லாந்தில் 65-க்கு மேற்பட்ட சுமார் 85,000 பேரிடம் நடந்த காபிட்டா ஆய்வில் (2015-இல் வெளியானது) 13 வகைப் பிணைப்பு ஊசி, அந்த வகைகளால் வரும் நிமோனியாவை ஏறக்குறைய 45 சதவீதமும், ரத்தம் வரை ஊடுருவும் கடும் நோயை 75 சதவீதமும் குறைத்தது. அமெரிக்காவில் 2000-இல் குழந்தைகளுக்குப் பிணைப்பு ஊசி வந்த பிறகு, ஊசியே போடாத தாத்தா பாட்டிகளிடமும் அந்த வகை நோய்கள் குறைந்தன. குழந்தைகளின் தொண்டையிலேயே கிருமி தங்காமல் போனதுதான் காரணம். வெறும் சர்க்கரை ஊசியால் இது முடியாது.

ஆகவே என் பரிந்துரை: புரதப்பிணைப்புத் தடுப்பூசி. மற்றதற்கு உறைச்சர்க்கரைத் தடுப்பூசி.

> நீளமாக இருக்கிறதே. “பிணைத் தடுப்பூசி”?

ஜாமீன் ஊசி என்று கேலி செய்வார்கள்! சுவரொட்டிக்கு நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே ‘பிசிவி’ (நிமோகாக்கஸ் கான்ஜுகேட் ஊசியின் ஆங்கிலச் சுருக்கம்) என்றே போடட்டும். குழந்தைகளுக்கு ஊசி போடும் செவிலியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கட்டுரைக்கும் பாடநூலுக்கும் முழுச்சொல் வேண்டும்.

அப்புறம், சர்க்கரையைச் சுமக்கும் அந்தப் புரதத்துக்கு ‘ஊர்திப் புரதம்’, ‘தாங்கு புரதம்’ இரண்டில் எது சரி? எனக்கு முன்னதுதான் பிடிக்கிறது. உயிர்வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.